புளியாணம் எங்கே?

சென்னையில் ஒரு கடை வாசலில் ‘ஒரிஜினல் காயல்பட்டினம் களரிச் சாப்பாடு’ என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கியது. என்னோடு வந்த நண்பருக்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். ஊருக்குப் போய் மூன்று மாதமாகிவிட்டது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பலகையைப் பார்த்ததும் உள்ளே நுழைந்துவிட்டார். தட்டு வந்தது. சீரகச் சம்பா பிரியாணி, ஒரு கிண்ணத்தில் ஆட்டுக்கறி, தயிர் வெங்காயம், அவித்த முட்டை. கறி நன்றாகவே இருந்தது. நண்பர் தட்டை ஒருமுறை பார்த்தார். பரிமாறியவரை நிமிர்ந்து பார்த்தார்.

“புளியாணம் எங்கே, தம்பி?”

பரிமாறிய தம்பிக்கு அந்தச் சொல்லே புரியவில்லை.

அந்தக் கேள்வி எனக்குள் வெகுநாள் கிடந்தது. ஓர் ஊரின் சாப்பாட்டை அசல் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அது பழையது என்பதாலா? அந்த மண்ணில் விளைந்ததை வைத்துச் சமைத்தது என்பதாலா? பாட்டி சொன்ன அளவு மாறாமல் இருப்பதாலா? இந்தக் கேள்வியை உலகத்தில் பல ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிரேக்கர்கள் நூறாண்டாகக் கேட்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே காயல்பட்டினம் இருக்கும்போது அங்கிருந்தே தொடங்கலாம்.

திருச்செந்தூரிலிருந்து வடக்கே எட்டு கிலோமீட்டரில் கடலோரம் இருக்கிறது காயல்பட்டினம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, இப்போது தூத்துக்குடி மாவட்டம். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் என்றால் பலருக்கு நினைவு வரும். சற்று வடக்கே புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேர்கிறது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிப்போன கரை இது. கடல் விலக விலகத் துறைமுகமும் இடம் மாறியது. முதலில் கொற்கை முத்துத்துறையாக இருந்தது. அது தூர்ந்தபின் காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த ‘காயல்’ இந்தக் கரைதான். அவர் பார்த்தது இதே கரையிலுள்ள பழையகாயலைத்தான் என்று கால்டுவெல் சொன்னார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் இங்கே வந்து நின்றதைப் போலோ சொல்கிறார். ஊர்மக்கள் ஓயாமல் வெற்றிலை மெல்லுவதையும் சொல்கிறார். இந்தக் கரையை ஒட்டிய ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எழுநூறு ஆண்டுக்கு முன்பு வந்துபோன ஒரு வெனிஸ்காரர் கண்டு எழுதிய பழக்கத்தை இன்றும் ஒரு கொடிக்கால் தாங்கி நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

சரி, பழமைதான் அசல் என்று வைத்துக்கொள்வோம். போலோ வந்த நாளில் காயலில் ஒரு வீட்டுக் கறிச்சட்டியைத் திறந்து பார்த்திருந்தால் என்ன இருந்திருக்கும்? மிளகாய் இருந்திருக்காது. தக்காளியும் உருளைக்கிழங்கும் இருந்திருக்காது. இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்த்துக்கீசியக் கப்பல்கள் வழியாகத்தான் நம் பக்கம் வந்தன. அதற்கு முன் உறைப்பு என்றால் மிளகு, அடுத்தபடியாக இஞ்சி. பழமையை மட்டும் அளவுகோலாகப் பிடித்தால் இன்றைக்குக் காயலில் வேகும் எந்தக் கறியும் தேறாது. காயல் மட்டுமா, திருநெல்வேலிச் சொதி தேறாது, நம் வீட்டு ரசம் தேறாது.

புளியின் கதை இன்னும் வியப்பானது. நமக்குப் புளியைப் போல் உள்ளூர்ச் சரக்கு வேறு இல்லை என்று தோன்றும். ஊருக்கு ஊர் புளியமரம் நிற்கிறது, சாலையோரமெல்லாம் நிற்கிறது. ஆனால் மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வெகு காலத்துக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்தது. அரபு வணிகர்கள் அதை நம்மிடம் வாங்கிப்போய் ‘தமர் ஹிந்தி’ என்றார்கள். இந்தியப் பேரீச்சை என்று பொருள். அந்தப் பெயரே ஐரோப்பாவெங்கும் புளிக்குப் பெயராகிவிட்டது. வந்த மரத்துக்கு நம் பெயரைக் கொடுத்து உலகத்துக்கு அனுப்பிவைத்தவர்கள் அரபு வணிகர்கள். அந்த வணிகர்களோடு தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து உறவாடிய ஊர் காயல். புளியாணத்தைக் கேட்ட என் நண்பருக்கு இதைச் சொன்னேன். “அப்ப புளியும் எங்க வாப்பாமாரு மாதிரி கடல் வழியா வந்ததுதான்” என்றார்.

பழமை உதவவில்லை. உள்ளூர்ச் சரக்கைப் பார்ப்போம்.

காயல் சமையல்கட்டில் மாசி இருக்கும். மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்தது. உடைத்தால் மரச்சிலாம்புபோல் வரும். அதை இடித்துத் தேங்காய், மிளகாயோடு சேர்த்துச் சம்பல் வைப்பார்கள். இது மாலத்தீவின் சரக்கு. 1343-ல் மாலத்தீவுக்குப் போய்ச் சேர்ந்த இப்னு பதூதா, மீனை நாலாகக் கீறி, வேகவைத்து, ஓலைக்கூடையில் போட்டுப் புகைமூட்டும் முறையை எழுதியிருக்கிறார். அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியாகிறது என்றும் குறித்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து மாலிக்குத் தோணி போய்வந்த காலமெல்லாம் அரிசியும் காய்கறியும் செங்கல்லும் போயின, மாசி வந்தது. காயலின் கடற்கரையில், சிங்கித்துறையிலும் கொம்புத்துறையிலும், பரதவ மக்கள் அன்றாடம் மீன் கொண்டுவந்து இறக்குகிறார்கள். வாசலில் அவ்வளவு பச்சை மீன் இருக்கும் ஊர், கடல் தாண்டி வந்த கருவாட்டுக்கும் அடுப்பங்கரையில் இடம் வைத்திருக்கிறது.

அடுத்தது வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், இனிப்பு, ஏலம் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் பண்டம். பெருநாள் காலையில் பசியாற இது இல்லாவிட்டால் பலருக்குப் பெருநாளே விடியாது. இலங்கை முஸ்லிம்களின் பெருநாளுக்கும் இதுவேதான். அங்கே கித்துல் வெல்லம் போடுவார்கள், நம் கரையில் சர்க்கரையோ கருப்பட்டியோ போடுவார்கள். மலாய்க்காரர்கள் இலங்கைக்குக் கொண்டுவந்தது என்று சிலர் சொல்கிறார்கள். வட்டிலில் ஊற்றி அவிக்கும் அப்பம் என்பதால் பெயர் தமிழ்தான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த காயல்காரர்கள் ஏராளம். பண்டம் கப்பலில் எந்தத் திசையில் போயிற்று என்று வழக்குப் பேசுவதைவிட, இரண்டு கரையிலும் பெருநாள் காலையில் ஒரே பாத்திரம் திறக்கப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆக, உள்ளூர்ச் சரக்கு என்ற அளவுகோலும் ஒடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ‘ஒரே செய்முறை’. இதைக் காயல் வீடுகள் தாங்களே மறுத்துவிடும். அதற்கு அந்த ஊரின் குடும்ப முறையைச் சொல்லவேண்டும்.

காயலில் பெண் கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கென்று வீடு கொடுப்பது வழக்கம். அதனால் உம்மாவின் அடுப்படியிலேயே மகள் சமைக்கிறாள், அவள் மகளும் அங்கேயோ அடுத்த வீட்டிலோ சமைக்கிறாள். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் மருமகள் வந்து மாமியார் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்வாள், பாதி மறப்பாள், பாதி தன் தாய்வீட்டுப் பக்குவத்தைக் கலப்பாள். காயலில் கைப்பக்குவம் தாய்வழியே நேராக இறங்குகிறது. வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடமாடும் ‘முடுக்கு’ என்ற சந்துகள் உண்டு. ஒரு வீட்டில் செய்த பண்டம் மூடிய தட்டில் அந்த முடுக்கு வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வெறும் தட்டாகத் திரும்பாது. இப்படி இருந்தும், அல்லது இப்படி இருப்பதால்தானோ என்னவோ, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மசாலா. ஒரு வீட்டில் சோம்பு தூக்கலாக இருக்கும். பக்கத்து வீட்டு லாத்தா சோம்பைத் தொடவே மாட்டார். இருவரையும் கேட்டுப்பாருங்கள், தங்களுடையதுதான் காயல் பக்குவம் என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை.

இந்த இடத்தில் கிரேக்கத்துக்குப் போய்வருவோம். காயலுக்கும் கிரேக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவேண்டாம், தொடர்பு பழையது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் பயணக் குறிப்பு’ என்ற மாலுமிக் கையேட்டில் கொற்கையின் முத்துக்குளிப்பு வருகிறது. பாண்டியனுக்கு உட்பட்ட துறை, தண்டனை பெற்ற கைதிகள் முத்துக் குளிக்கிறார்கள் என்கிறது அது. கிரேக்கர் இஞ்சிக்கு வைத்த பெயர் ‘சிங்கிபெரிஸ்’. அது நம் ‘இஞ்சி’யும் ‘வேரு’ம் சேர்ந்த சொல், பிராகிருதத்தில் ‘சிங்கிவேர’ என்றாகி, கடல் ஏறிப்போனது. அவர்கள் அடுப்படியில் நம் சொல் இரண்டாயிரம் ஆண்டாக இருக்கிறது.

இன்று உலகத்தில் எந்த ஊர்க் கிரேக்க உணவகத்துக்குப் போனாலும் முசாக்கா இருக்கும். கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கி, மேலே வெண்ணெயும் மாவும் பாலும் சேர்ந்த வெள்ளைக் குழம்பை ஊற்றிச் சுட்டது. கிரேக்கர்களின் தேசியச் சாப்பாடு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். மேலே இருக்கும் அந்த வெள்ளைக் குழம்பு பிரெஞ்சுக்காரர்களுடையது. சிஃப்னோஸ் தீவைச் சேர்ந்த நிக்கோலாஸ் செலமெந்தேஸ் என்ற சமையற்கலைஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சேர்த்தார். நானூறு ஆண்டுத் துருக்கி ஆட்சியில் கிரேக்கச் சமையலில் துருக்கி வாடை ஏறிவிட்டது, அதை எடுத்துவிட்டு ஐரோப்பியச் சமையலாக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் எழுதிய சமையல் புத்தகம் வீட்டுக்கு வீடு போயிற்று. எந்தச் சமையல் புத்தகத்துக்கும் கிரேக்க மொழியில் ‘செலமெந்தேஸ்’ என்று சொல்லும் அளவுக்குப் போயிற்று. அசலைக் காப்பாற்றக் கிளம்பியவரே இன்னொரு நாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து ஊற்றினார். அதுவே அசலாக நின்றுவிட்டது.

அவர்களுடைய கிராமத்துச் சாலட்டில் தக்காளிதான் தலைமை. தக்காளி கிரேக்கத்துக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான். பிளேட்டோவும் சாக்ரடீசும் தக்காளியைக் கண்டதே இல்லை. காபிக் கதையும் இப்படித்தான். அடிவண்டலோடு சின்னக் கோப்பையில் குடிக்கும் காபியைத் துருக்கிக் காபி என்றுதான் அவர்களே சொல்லிவந்தார்கள். 1974-ல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியபின் அது கிரேக்கக் காபி ஆயிற்று. காபியில் ஒரு மணிகூட மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த வலியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பெயர் மாற்றத்தால் ஒரு பண்டம் புதிதாக அசல் ஆகிவிடாது என்பதும் உண்மை.

ஃபெட்டா என்ற வெண்பாலாடைக் கட்டிக்கு மட்டும் சட்டம் ஒரு முடிவு சொல்லியிருக்கிறது. டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் பசும்பாலில் செய்து ஃபெட்டா என்று விற்றார்கள். 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கென்று பதிவு செய்தது. மற்ற நாடுகள் வழக்குத் தொடுத்தன. 2005-ல் நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. செம்மறி ஆட்டுப்பால், வேண்டுமானால் வெள்ளாட்டுப்பாலும் 30 சதவீதம் வரை, அதுவும் குறிப்பிட்ட வட்டாரங்களின் பால் என்று வரையறை.

நம்மிடமும் இதே வழி இருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் வந்தது. காயலைச் சுற்றியே பார்த்தால், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் உடன்குடி கருப்பட்டிக்கு 2023-லும் குறியீடு கிடைத்தன. உடன்குடிப் பக்கத்துச் செம்மண் தேரியில் பனையேறி இறக்கும் பதநீருக்கும், அதைக் காய்ச்சும் கைக்கும் கிடைத்த மரியாதை அது. சீனியைக் கலந்து காய்ச்சிவிட்டு உடன்குடி என்று ஒட்டி விற்பவர்களைத் தட்டிக்கேட்க இப்போது ஒரு பிடி இருக்கிறது. நான் இதை முழுமனதாக ஆதரிக்கிறேன். சமைத்த பண்டத்துக்கும் கொடுக்கிறார்கள், ஹைதராபாத் ஹலீமுக்கு 2010-லேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்தச் சட்டத்தால் காப்பாற்ற முடிவது கட்டி அனுப்பக்கூடிய பண்டத்தை. கருப்பட்டியை ஓலைக்கொட்டானில் கட்டலாம், வெற்றிலையைக் கட்டுக்கட்டாக அனுப்பலாம். களரியை எதில் கட்டுவது?

களரி என்ற சொல்லுக்கு மக்கள் கூடும் இடம், அரங்கு என்று தமிழில் பொருள். காயலில் ஊர்கூடி உண்ணும் விருந்துக்கு அது பெயராகிவிட்டது. கல்யாணக் களரி ஒன்றுக்கு நண்பர் என்னை அழைத்துப்போனார். வெள்ளி முளைக்கும் முன்பே வீட்டுக் கொல்லையில் விறகு எரிந்துகொண்டிருந்தது. சமையல்காரர்களைப் பண்டாரி என்பார்கள். மூத்த பண்டாரி ஓர் அண்டாவின் மூடியை விலக்கிக் கறியைக் கிண்டினார், ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப்பார்த்தார், உப்பை அளவெடுக்காமல் ஒரு கை அள்ளிப் போட்டார். எத்தனை படி அரிசி, எத்தனை கிலோ கறி என்று கேட்டேன். “அண்டாவைத்தான் எண்ணுவோம் தம்பி” என்றார்.

பகலில் பந்தி. தரையில் விரிப்பு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு சஹன். தாம்பாளம்போன்ற பெரிய வட்டத்தட்டு அது, அரபியில் தட்டுக்கு உள்ள சொல்லே இங்கே தமிழ்ச்சொல்லாகப் புழங்குகிறது. சஹனில் நெய்ச்சோறு குவிந்திருக்கிறது, அதன்மேல் களரிக் கறி. பக்கத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்ந்த கூட்டு. யார் எனக்கு எதிரே உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னைத் தெரியாது. பிஸ்மில்லா சொல்லிக் கைவைத்தோம். அவர் தன் பக்கத்தில் கிடந்த நல்ல கறித்துண்டை விரலால் என் பக்கம் தள்ளினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொஞ்சம் தயங்கியதைப் பார்த்துவிட்டு, பரிமாறிக்கொண்டு வந்தவர் குனிந்து, “சாப்பிடுங்க தம்பி, சோறு ஆறுது” என்றார். சோறு குறையக் குறைய மேலே வந்து விழுந்துகொண்டே இருந்தது.

அப்புறம் வந்தது புளியாணம். குவளையில் ஊற்றினார்கள். புளியைக் கரைத்து, வெங்காயமும் மிளகாயும் கொத்தமல்லியும் இட்டது, ரசத்தைவிடத் தண்ணீர்த்தன்மை. முதல் மடக்கில் நெய்யின் திகட்டல் நாக்கிலிருந்து அறுந்து விழுந்தது. சோற்றின்மேல் கொஞ்சம் விட்டுப் பிசைந்தேன், இன்னொரு சுற்றுக்கு வயிறு திறந்துவிட்டது. சென்னைக் கடையில் நண்பர் தட்டைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது. நெய்ச்சோறும் கொழுத்த கறியும் புளியாணத்தை நம்பித்தான் சமைக்கப்படுகின்றன. அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பண்டாரி நெய்யைத் தாராளமாக விடுகிறார். புளியாணத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கறியும் சோறும் மட்டும். அதை எந்த ஊரிலும் செய்யலாம்.

எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். பண்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லாப் பண்டமும் எங்கிருந்தோ வந்ததாகவே முடியும். அதைவிட, ஊருக்குள் அதற்கு ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்கவேண்டும். எந்த நாளில் செய்கிறார்கள், யார் செய்கிறார்கள், பக்கத்தில் என்ன வைக்கிறார்கள், யாரோடு உட்கார்ந்து உண்கிறார்கள், ஊரார் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? மாலத்தீவிலிருந்து வந்த மாசிக்குச் சம்பலில் வேலை இருக்கிறது. வட்டிலப்பத்துக்குப் பெருநாள் காலை இருக்கிறது. ரவையும் முட்டையும் நெய்யும் கலந்து, கீழேயும் மேலேயும் தணல் வைத்துத் தம் போட்டுச் சுடும் தம்மடை, அடுமனை அடுப்பு இல்லாத காலத்தில் கடற்கரை முஸ்லிம் ஊர்களின் பெண்கள் கண்ட வழி. ‘தம்’ பாரசீகச் சொல், ‘அடை’ தமிழ்ச் சொல். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு பண்டத்தின் பெயராயின. நோன்புக்கஞ்சிக்கு மாலை மஃரிப் நேரமும் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவை அனைத்தும் அசல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். ‘ஆணம்’ நல்ல தமிழ்ச் சொல். குழம்பு என்ற சொல் மற்ற வீடுகளில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டபோது, தமிழ் முஸ்லிம் வீடுகள் ஆணத்தை விடவில்லை. மீன் ஆணம், பருப்பு ஆணம், புளி ஆணம். மற்றவர்கள் சாதம் என்று மாறிய பிறகும் அவர்கள் சோறு என்கிறார்கள். காலையில் டிபன் சாப்பிடுவதில்லை, பசியாறுகிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் இலக்கியம் வளர்த்த ஊர், அடுப்படியில் தமிழின் பழைய சொற்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. கடையில் பலகை எழுதுகிறவர் ‘ஒரிஜினல்’ என்று எழுதும் இடத்தில் ‘புளியாணம் உண்டு’ என்று எழுதினால், ஊர்க்காரர்கள் தாமாக வருவார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில பதில்கள் கசக்கவும் செய்யும். இப்போது நம் கடற்கரை ஊர்களில் மந்திச் சோறு பரவிவிட்டது. ஏமனின் ஹள்ரமௌத் பக்கத்துச் சாப்பாடு அது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களோடும், அவர்களை நம்பித் திறந்த கடைகளோடும் வந்தது. “எங்க முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவங்க, அதனால மந்தி எங்க சாப்பாடுதான்” என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். மந்தி ருசியான சாப்பாடு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது இன்னும் காயல் சாப்பாடு ஆகவில்லை. அதற்கு இங்கே ஒரு நாள் இல்லை, ஒரு சடங்கு இல்லை, உம்மாக்கள் தங்களுக்குள் சண்டைபோட்டுக்கொள்ளும் செய்முறை இல்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதற்கு இவையெல்லாம் அமையலாம். அமைந்தால் அன்றைக்கு அதை ஏற்றுக்கொள்வேன். முன்னோரின் ரத்தம் அரபு என்பதால் ஒரு சோறு காயல் சோறாகிவிடாது.

பிரியாணிக்கும் இதே பதில்தான். தமிழ் முஸ்லிம் என்றாலே பிரியாணி என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆம்பூர், ஆற்காடு பக்கத்து வழி வேறு, தெற்குக் கடற்கரையின் வழி வேறு. பிரியாணி இன்று காயலிலும் வேகிறது, ஆசையாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு கரையின் நெய்ச்சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிரியாணியை வைத்து, அதற்குக் களரி என்று பெயர் சூட்டுவது இரண்டு சாப்பாட்டுக்கும் செய்கிற அநியாயம்.

வெளியூரில் செய்தால் அசல் போய்விடுமா என்றும் கேட்கிறார்கள். ஹாங்காங்கிலும் சவூதியிலும் சென்னையிலும் இருக்கும் காயலர்கள் மன்றம் வைத்துக் கூடுகிறார்கள், கூடும்போது ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். அரிசி தாய்லாந்தாக இருக்கலாம், ஆடு ஆஸ்திரேலியாவாக இருக்கலாம். ஊர்க்காரர் ஒருவர் அண்டாவின் முன் நின்று, நெய்ச்சோறும் கறியும் புளியாணமும் வரிசை தப்பாமல் சஹனைச் சுற்றி வந்தால் அது களரிதான். காயல்பட்டினத்துக்குள்ளேயே ஒரு கடை, பொட்டலத்தில் கறியை மட்டும் கட்டிக் களரி என்று விற்றால், ருசி எவ்வளவு நன்றாக இருந்தாலும், களரியில் ஒரு துண்டைத்தான் விற்கிறது.

காயல் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஆண்கள் தொழிலுக்காக ஊர்விட்டுப் போனது பழைய கதை. இப்போது பெண்களும் கணவரோடு சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்க் குடியமர்கிறார்கள். அடுப்படிக்கு அடுப்படி தாய்வழியே இறங்கிய கைப்பக்குவம், முடுக்கு இல்லாத அடுக்குமாடியில் தொலைபேசி வழியாகத்தான் இறங்கவேண்டியிருக்கிறது. உம்மா இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவையுங்கள். எத்தனை கரண்டி என்பதை மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பண்டத்துக்கு வீட்டில் என்ன பெயர், எந்த நாளில் செய்தார்கள், யார் வீட்டுக்கெல்லாம் தட்டில் கொடுத்தனுப்பினார்கள், பக்கத்தில் எதை வைத்தார்கள் என்று அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். களரி முடிந்து போகும் பண்டாரியையும் நிறுத்தி, உப்பு எத்தனை கை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.